கடலில் கிடக்கும் மீனுக்கு இன்றே விலை பேசலாமா?

ஒக்டோபர் பிறந்துவிட்டால் கிழக்கு மாகாணத்தின் கரையோர ஊர்களில் வியாபாரத்தின் முகமே மாறிவிடுகிறது. கச்சானும் சோழகமும் வீசிய மாதங்களில் குளம்போலக் கிடந்த கடல் மெல்ல மெல்ல நிறம் மாறத் தொடங்கும். கரைவலைத் தோணிகள் மேட்டுக்கு இழுக்கப்படும். மீன் வாடிகளில் காலை நேரத்துக் கூச்சல் குறையும். ஐஸ்காரர், லொறிக்காரர், ஹோட்டல்காரர் மட்டுமன்றி மீனோடு நேரடியாக எந்தத் தொடர்பும் இல்லாத புடைவைக் கடைக்காரரும் இந்த மாற்றத்தை உணர்வார். கல்முனையிலும் வாழைச்சேனையிலும் மூதூரிலும் மீனவனின் கையில் காசு ஓடாவிட்டால் கடைத்தெருவிலும் காசு ஓடாது என்பது நமக்குத் தெரிந்த விடயம்தான்.

ஆனால் தெரிந்த விடயத்துக்கு நாம் ஆயத்தமாகிறோமா என்பதுதான் கேள்வி. ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒரு பருவத்தை, எதிர்பாராத விருந்தாளி வந்ததுபோலவே நமது மீன் வியாபாரிகள் எதிர்கொள்கிறார்கள். அதனால் வரும் நட்டத்தை ஈடுசெய்வதற்குப் பெரும்பாலானோர் ஒரே வழியைத்தான் வைத்திருக்கிறார்கள். மீனவனுக்கு முற்பணத்தைக் கொடுத்து, இனிப் பிடிக்கப்போகும் மீனை இன்றே கட்டிப்போட்டுவிடுவது. இந்த வழி மார்க்கத்துக்கும் பொருந்தாது, நீண்டகால வியாபாரத்துக்கும் உதவாது, சில வேளைகளில் மனித உயிருக்கும் ஆபத்தாக முடிகிறது என்பதே இவ்வாரம் நாம் சொல்லவரும் கருத்து.

காற்று மாறினால் கணக்கும் மாறும்

முதலில் பருவத்தைச் சரியாக விளங்கிக்கொள்வோம். நமது நாட்டின் வானிலையை நான்கு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று. தென்மேல் காற்று வீசும்போது மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும், கிழக்கு அமைதியாக இருக்கும். வடகீழ் காற்று வீசும்போது இது தலைகீழாகும். இதனால்தான் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் காலங்காலமாகத் தென்மேல் காற்றுக் காலத்தில் கிழக்குக் கரைக்கு வந்து வாடியடித்துத் தொழில் செய்துவிட்டு, காற்று மாறும்போது ஊர் திரும்புகிறார்கள்.

இதிலே வியாபாரிக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஆண்டின் நடுப்பகுதியில் கிழக்கிலிருந்து மீன் ஏற்றிய லொறிகள் பேலியகொடையை நோக்கி ஓடுகின்றன. நவம்பருக்குப் பிறகு மேற்கிலும் தெற்கிலும் கடல் திறந்துவிடும். பேருவளை, நீர்கொழும்பு, கற்பிட்டி மீன்கள் சந்தையை நிறைக்கும். அப்போது கிழக்கின் சந்தைகளுக்கே வெளியிலிருந்து மீன் கொண்டுவர வேண்டிய நிலை ஏற்படும். ஆகவே ஒரே லொறி, ஒரே ஐஸ் பெட்டி, ஒரே கொழும்புத் தொடர்பு ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் வியாபாரம் செய்ய ஒருவருக்கு வாய்ப்பிருக்கிறது. ஆறு மாதம் அனுப்புகிறவர் மீதி மாதங்களில் வாங்குகிறவராக மாறினால் போதும். கிழக்கில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? பெரும்பாலானோர் மார்கழியில் வாடியை மூடிவிட்டு, சேர்த்த காசைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேற்கிலுள்ள பெரிய வியாபாரிகளோ இரண்டு கரையையும் தமது கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

முகத்துவாரம் திறக்கும் காலம்

கடல் மூடுகிறது என்பதற்காக மீனே இல்லாமல் போய்விடுவதில்லை. மீன் கிடைக்கும் இடம் மாறுகிறது. ஆழ்கடலும் கரைவலையும் ஓய்ந்திருக்கும் நாட்களில் வாவிகளும் ஆற்றுவாய்களும் கழிமுகங்களும் உயிர்பெறுகின்றன.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியையே எடுத்துக்கொள்வோம். கோடையில் ஆற்றுநீர் குறைந்து, அலை கொண்டுவந்து போடும் மணல் முகத்துவாரத்தை மூடிவிடும். ஒக்டோபர், நவம்பர் மழையில் வாவியின் நீர்மட்டம் உயர்ந்து, மணல்திட்டு தானாக உடையும் அல்லது வெட்டிவிடப்படும். வயல் மூழ்குகிறது என்று விவசாயி முகத்துவாரத்தை விரைவில் வெட்டச் சொல்வார். வாவியில் வளர்ந்த இறால் ஓடிவிடும் என்று மீனவர் சற்றுப் பொறுக்கச் சொல்வார். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

இறாலின் வாழ்க்கை முறையே இப்படித்தான். தாய் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக வாவிக்குள் வந்து, கண்டல் வேர்களிலும் சாதாளைகளிலும் ஒதுங்கி வளரும். வளர்ந்த பின் மீண்டும் கடலுக்குப் போகும். மழைவெள்ளம் வாவியின் உப்பைக் குறைக்கும்போது இந்தப் பயணம் வேகமாக நடக்கும். ஆகவே முகத்துவாரம் உடையும் நாட்களில் இறால் ஒரேயடியாகக் கிடைக்கும். கொடுவா போன்ற பெரிய மீன்கள் நீரோட்டம் கொண்டுவரும் இரையை எதிர்பார்த்து ஆற்றுவாயில் நிற்கும். மணலை மீன்கள் கூட்டமாக அசையும். வீச்சுவலைக்காரருக்கும் தூண்டில்காரருக்கும் நல்ல நாட்கள் இவை.

நமது நாட்டில் கடல் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே வேறு சில நாடுகளைப்போல் வற்றுப்பெருக்கு நேரத்தைப் பார்த்து மட்டும் கழிமுகத் தொழிலைக் கணிக்க முடியாது. இந்த மாதங்களில் வாவியின் நிலையைத் தீர்மானிப்பது மழையும் ஆற்றுவெள்ளமும்தான். மலைப்பக்கத்தில் பெய்த மழை, குளங்களின் வான்கதவு திறந்த செய்தி என்பன மீன் வியாபாரிக்கும் செய்திதான். வெள்ளம் அதிகமானால் தண்ணீர் சேறாகி, ஆற்றுவாழையும் மரக்கிளைகளும் வந்து வலையைக் கிழிக்கும். வெள்ளம் தணிந்து நீர் தெளியத் தொடங்கும் நாட்களில் தொழில் மீண்டும் சீராகும்.

கரையோர அலையிலும் இதே கதைதான். அலை உயர்ந்திருக்கும்போது கரைவலைத் தோணியை இறக்க முடியாது. ஆனால் இரண்டு காற்றழுத்தத் தாழ்வுகளுக்கு இடையில் மூன்று, நான்கு நாட்கள் கடல் அடங்கிக் கிடக்கும். அந்த நாட்களில் ஒரு வலைப்பாட்டில் வருகிற மீன் ஒரு கிழமைச் செலவுக்குப் போதுமாக இருப்பதும் உண்டு.

ஆக, இந்தப் பருவத்தின் இயல்பு என்ன? மீன் குறைவு. ஆனால் வரும்போது திடீரென்று வரும். பலவகை கலந்து வரும். மழையில், ஈரத்தில், வீதி வெள்ளத்துக்கு நடுவில் வரும். இரண்டு நாள் இறால் குவியும், பிறகு ஐந்து நாள் ஒன்றும் இருக்காது. இப்படியான சந்தையில் வெல்பவர், குவியும் நாளில் பழுதாகாமல் காப்பாற்றி, இல்லாத நாளில் விற்கக்கூடியவர்தான். இதற்குத் தேவையானது ஐஸும் பெட்டியும் ஒழுங்கும். நம்மவர்களில் பலர் இவற்றில் முதலிடாமல், முற்பணத்தில் முதலிடுகிறார்கள்.

முற்பணத்தின் உண்மைக் கணக்கு

முற்பண முறை எல்லோருக்கும் தெரியும். வலை வாங்க, இயந்திரம் திருத்த, பிள்ளையின் கல்யாணத்துக்கு, அல்லது கடல் மூடிய மாதங்களில் அடுப்பெரிக்க மீனவர் ஒருவர் வியாபாரியிடம் பணம் வாங்குகிறார். வட்டி என்ற பேச்சே கிடையாது. நிபந்தனை ஒன்றுதான்: கடன் தீரும்வரை மீனை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது, வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். அந்த விலை சந்தை விலையைவிடக் குறைவாக இருக்கும். சில இடங்களில் தராசிலும் கொஞ்சம், 'கறிக்கு' என்று கொஞ்சம் கழியும்.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மீனவர் பெற்ற முற்பணம் 1,00,000 ரூபா. அவர் நாளொன்றுக்குச் சராசரி 40 கிலோ மீன் கொடுக்கிறார். சந்தை விலையைவிடக் கிலோவுக்கு 100 ரூபா குறைத்து எடுக்கப்படுகிறது. ஒரு நாளைக்கு 4,000 ரூபா. மாதத்தில் 25 நாள் தொழில் நடந்தால் 1,00,000 ரூபா. அதாவது ஒரே மாதத்தில் கொடுத்த பணம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் கடன் கொப்பியில் அந்த 1,00,000 அப்படியே நிற்கிறது! இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் என்று அது நின்றுகொண்டேயிருக்கும். தொகைகள் ஊருக்கு ஊர் மாறலாம், முறை மாறுவதில்லை. இதற்கு வட்டி என்று பெயர் வைக்காததால் அது வேறொன்றாகிவிடுமா?

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் உயர்த்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. வெளியிணைப்பு இயந்திரப் படகுகளின் உயிரே மண்ணெண்ணெய்தான். ஒரு நாள் கடலுக்குப் போகும் செலவு பலமடங்கானபோது, கையில் முதல் இல்லாத மீனவர்களுக்கு வியாபாரியின் முற்பணத்தை விட்டால் வேறு வழியிருக்கவில்லை. அந்த ஆண்டில் ஏறிய கடன்சுமை அடுத்தடுத்த பருவங்களுக்கும் தொடர்ந்தது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நாம் ஆலிம் அல்ல. ஃபத்வாச் சொல்வது நமது வேலையுமல்ல. ஆனால் வியாபாரம் செய்பவர் அதன் ஹலால் ஹராமைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. எனவே பொதுவாக அறியப்பட்ட சிலவற்றை நினைவூட்டுகிறோம்.

முதலாவது, தண்ணீரில் கிடக்கும் மீனை விற்பதை 'கரர்' என்னும் நிச்சயமற்ற வியாபாரத்துக்கு உதாரணமாகவே புகஹாக்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும், என்ன மீன் என்று எதுவும் தெரியாத ஒன்றுக்கு விலை பேசுவதில் ஒரு பக்கத்தார் ஏமாறாமல் இருக்க முடியாது. நூற்றாண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட அந்த உதாரணம் நமது ஊர்க் கரையையே பார்த்து எழுதியதுபோல் இருக்கிறதல்லவா?

இரண்டாவது, கடன் கொடுத்தவர் அந்தக் கடனை நிபந்தனையாக வைத்து ஏதேனும் இலாபத்தைப் பெற்றால் அது ரிபாவின் வாசலைச் சேர்ந்தது என்பது மத்ஹபுகளிடையே அறியப்பட்ட சட்டம். 'நான் கடன் தருகிறேன், நீ உன் மீனைக் குறைந்த விலைக்குத் தா' என்பது இதற்குள் வருமா வராதா என்பதை ஒவ்வொருவரும் தமது ஊர் உலமாக்களிடம் முழு விபரத்தையும் மறைக்காமல் சொல்லிக் கேட்க வேண்டும். பாதியைச் சொல்லி ஃபத்வா வாங்குவதில் பயனில்லை.

மூன்றாவது, முன்பணம் கொடுத்து வாங்கும் வழியை மார்க்கம் முற்றாக அடைக்கவில்லை. 'ஸலம்' என்றொரு வியாபாரம் இருக்கிறது. அதில் விலை முழுவதும் முதலிலேயே கொடுக்கப்பட வேண்டும். பொருளின் வகை, தரம், அளவு, ஒப்படைக்கும் காலம் யாவும் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். குறித்த காலத்தில் சந்தையில் கிடைக்கக்கூடிய பொருளாகவும் அது இருக்க வேண்டும். 'உன் படகில் வருகிற மீனெல்லாம் எனக்கு' என்பது இந்த வரையறைக்குள் அடங்காது. ஆனால் இன்ன வகைக் கருவாடு, இத்தனை கிலோ, இன்ன தரத்தில், இன்ன மாதத்தில் என்று பேசி எழுதிக்கொள்வதற்கு இடமிருக்கலாம். இதையும் உலமாக்களிடம் கேட்டே செய்வது நல்லது.

நமது நாட்டில் 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, 2011 தொடக்கம் வட்டியில்லா வங்கியொன்று முழு வங்கியாகவே இயங்கி வருகிறது. சமூகமாக நாம் அதற்காகப் பெருமைப்படுகிறோம். வங்கி வாசலில் வட்டியை விட்டு விலகிய நாம், மீன் வாடியின் வாசலில் அதை வேறு பெயரில் உள்ளே எடுப்பது எந்த வகையில் நியாயம்?

வியாபாரியின் பக்க நியாயம்

முற்பணம் கொடுக்கும் வியாபாரிகள் எல்லோரையும் கல்நெஞ்சர்களாகக் காட்டுவது நமது நோக்கமல்ல. அவர்கள் பக்கத்திலும் பேச விடயம் இருக்கிறது.

'நான் கொடுக்காவிட்டால் அவன் நுண்கடன் கம்பனிக்குப் போவான், அங்கே கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்பார்கள்' என்கிறார்கள். உண்மைதான். கிழக்கிலும் வடக்கிலும் நுண்கடன் எத்தனை குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது என்பதை நாடே அறியும். வங்கி படகுக்காரனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நள்ளிரவில் இயந்திரம் பழுதானால் கைகொடுப்பவர் வாடி முதலாளிதான். 'பணத்தை வாங்கிக்கொண்டு மீனை இன்னொருவருக்குக் கொடுக்கிறார்கள், நமது முதலே போய்விடுகிறது' என்றும் சொல்கிறார்கள். அதுவும் நடக்கிறது.

ஆனால் இந்த இரண்டு முறைப்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். மீனவர் ஏன் மீனைக் களவாக வேறிடத்துக்குக் கொடுக்கிறார்? அங்கே சரியான விலை கிடைக்கிறது. விலையில் நியாயம் இல்லாத இடத்தில் விசுவாசமும் நிற்காது. விசுவாசம் இல்லாததால் வியாபாரி இன்னும் இறுக்குகிறார், இறுக்க இறுக்க அவர் இன்னும் நழுவுகிறார். கடைசியில் இருவருக்கும் பரகத் இல்லை. கடன் கொப்பி மட்டும் தடிக்கிறது. வசூலாகாத கடனைச் சொத்தென்று எண்ணிக்கொண்டிருக்கும் வியாபாரி, உண்மையில் தனது முதலைக் கடலில் போட்டவர்தான்.

கடன் கடலுக்குத் தள்ளும்போது

இந்த விடயத்தில் பணத்தைவிடப் பெரியதொன்றும் இருக்கிறது. இந்தப் பருவம் உயிராபத்தான பருவம்.

1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நமது மூத்தவர்கள் இன்னும் நடுக்கத்தோடு சொல்வார்கள். ஏறத்தாழ 900 பேரை அது பலிகொண்டது. அதே நவம்பர் மாதத்தில்தான் 2025இல் 'டித்வா' சூறாவளி கிழக்குக் கரையைத் தொட்டு நாடு முழுவதையும் உலுக்கியது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வங்காள விரிகுடாவில் ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை தாழ்வு மண்டலங்கள் உருவாவது ஆண்டுதோறும் நடப்பது. எது சூறாவளியாகும் என்பதைக் கரையில் நின்று வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் வளிமண்டலவியல் திணைக்களம் கடல் பற்றிய எச்சரிக்கைகளை வெளியிடுகிறது.

எச்சரிக்கை வந்தபிறகும் படகு ஏன் கடலுக்குப் போகிறது? துணிச்சல் என்கிறோம், அறியாமை என்கிறோம். பல நேரங்களில் காரணம் கடன்தான். வீட்டில் அரிசியில்லை, வாடி முதலாளி கேட்டு ஆளனுப்பியிருக்கிறார், இரண்டு நாள் அடங்கியிருக்கும்போதே போய்வருவோம் என்று ஒருவர் புறப்படுகிறார். ஆற்றுவாயில் வெள்ளம் வெளியேறும் வேகமும் கடலிலிருந்து வரும் அலையும் மோதும் இடம்தான் சிறு படகுக்கு மிக ஆபத்தான இடம். அனுபவசாலியையும் அது கவிழ்த்துவிடும். அப்படியொரு மரணம் நிகழ்ந்தால், அந்தக் காலையில் 'மீன் இல்லையா, காசாவது கொண்டா' என்று கேட்டவருக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

துறைமுக வசதியும் கைகொடுப்பதில்லை. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் மூடியதையும், படகுகள் நுழைய முடியாமல் தவித்ததையும், அதன் வடக்கே கரையோரக் காணிகளைக் கடல் விழுங்கியதையும் நாம் கண்ணால் கண்டோம். அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம் தொடர்ந்து கேட்க வேண்டும். அதேவேளை நமது கையில் இருப்பதை நாம் செய்ய வேண்டும்.

நமது கையில் இருப்பவை

முதலாவது, ஐஸில் முதலிடுங்கள். வெப்ப நாட்டில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது மீன்பிடித் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நம்மவர்கள் மேலே ஒரு பிடி தூவிவிட்டு லொறியை அனுப்புகிறார்கள். அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, உருகிய நீர் வெளியேற வழி வைத்தால் இறாலும் மீனும் பல நாள் தரம் குறையாமல் நிற்கும். சூரை, கும்பளா போன்ற மீன்கள் சூடுபட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப் பொருள் உண்டாகும். அது சமைத்தாலும் போகாது. மழைநாள்தானே, குளிர்தானே என்று ஐஸைக் குறைப்பது பெரும் தவறு. மழைநாளிலும் நமது வெப்பநிலை மீனைப் பழுதாக்கப் போதுமானது. ஒருவருக்கு முற்பணமாகக் கட்டிப்போடும் தொகையில் நல்ல பெட்டிகள் பல வாங்கலாம். பெட்டி ஓடிப்போகாது.

இரண்டாவது, கருவாட்டை வெயில் காலத்திலேயே முடித்துவிடுங்கள். கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்த மாதங்களில் மீன் மலிவு, காய்வதும் இலகு. நவம்பரில் காயவைக்கும் கருவாடு ஈரம் பிடித்துப் பூஞ்சணம் கட்டும். நமது நாடு வெளிநாட்டு நெத்தலிக் கருவாட்டையும் மாசியையும் காசு கொடுத்து இறக்கிக்கொண்டிருக்கிறது. மணலில் உலர்த்தாமல் பரண்மேல் உலர்த்தி, சுத்தமான உப்பிட்டு, காற்றுப் புகாமல் பொதிசெய்து வைத்தால், கடல் மூடிய மாதங்களில் வாடியை மூட வேண்டியதில்லை. இதில் பெண்களுக்கும் வீட்டோடு தொழில் உண்டு.

மூன்றாவது, கடன்காரராக இருப்பதை விட்டுப் பங்காளியாகுங்கள். கரைவலையில் தோணி, வலை, உழைப்பு என்று பங்கு பிரிக்கும் வழக்கம் நமது கரையில் முன்னோர் காலத்திலிருந்தே இருக்கிறது. அதை ஒழுங்காக எழுதிக்கொண்டால் முஷாரகா, முழாரபா அடிப்படையில் படகிலும் வலையிலும் முதலிடலாம். இலாபத்தில் பங்கு, நட்டத்திலும் பங்கு. நட்டத்தில் பங்கிருந்தால் எச்சரிக்கை நாளில் படகை அனுப்ப எந்த முதலாளிக்கும் மனம் வராது.

நான்காவது, கடன் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் கடனை வேறாகவும் மீன் விலையை வேறாகவும் வையுங்கள். மீனுக்கு அன்றைய சந்தை விலை. கடனுக்குத் தவணை. தொழில் நடக்கும் நாளில் இவ்வளவு கழிவது, கடல் மூடிய நாளில் கழிக்காமல் விடுவது. இரண்டு கொப்பி, இரண்டு கையொப்பம். குர்ஆனின் மிக நீளமான வசனமே கடனை எழுதி வைப்பது பற்றித்தான் பேசுகிறது. ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தை ஓதும் நாம், நமது மீனவச் சகோதரருக்கு அவருடைய கணக்கின் பிரதியைக் கொடுத்திருக்கிறோமா? அவர் எவ்வளவு தர வேண்டும் என்பது முதலாளிக்கு மட்டும் தெரிந்த இரகசியமாக இருக்கக்கூடாது.

ஐந்தாவது, தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையையும் வெடியையும் பயன்படுத்தியவரிடம் மீன் வாங்காதீர்கள். வாவியில் குஞ்சு இறாலும் சின்ன மீனும் அள்ளப்பட்டால் அடுத்த ஆண்டு முகத்துவாரம் திறக்கும்போது வெறும் தண்ணீர்தான் வரும். வாங்க ஆளில்லாவிட்டால் பிடிக்கவும் ஆளிராது.

ஊர்கள் செய்யக்கூடியது

தனி வியாபாரியால் மட்டும் முடியாத ஒன்றை ஜமாஅத்துகளால் செய்ய முடியும். நமது ஊர்கள் பலவற்றில் பைத்துஸ் ஸகாத் அமைப்புகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் ரமழானை ஒட்டியே இயங்குகின்றன. கரையோர ஊர்களில் பசி ரமழானைப் பார்த்து வருவதில்லை, நவம்பரைப் பார்த்து வருகிறது. ஸகாத்தின் ஒரு பகுதியைத் தகுதியுள்ள மீனவக் குடும்பங்களுக்குக் கடல் மூடிய மாதங்களில் கிடைக்கக்கூடியதாகத் திட்டமிடலாம். அத்தோடு, ஸகாத்துக்கு வெளியே ஊர் வியாபாரிகள் ஆளுக்கொரு தொகையைப் போட்டுக் கர்ழன் ஹஸனா நிதியொன்றை ஆரம்பிக்கலாம். வலை, இயந்திரம், மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்கு மட்டும் அதிலிருந்து கொடுப்பது. ஏப்ரல் தொடக்கம் தொழில் சூடுபிடிக்கும் மாதங்களில் திருப்பி வாங்குவது. பருவம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரிந்த தொழிலுக்கு, பருவத்தை ஒட்டிய கடன்தானே பொருத்தமானது?

இப்படிச் செய்தால் வியாபாரிக்கு நட்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். கடனில்லாத மீனவர் நல்ல வலை வாங்குவார், படகில் ஐஸ் கொண்டுபோவார், தரமான மீன் கொண்டுவருவார். தரமான மீனுக்குக் கொழும்பில் விலையுண்டு. அவர் கையில் மிஞ்சும் காசு நமது ஊர்க் கடைகளுக்கே வரும். ஒருவரைக் கடனில் வைத்திருந்து எடுக்கும் இலாபத்தைவிட, அவரை நிமிரவிட்டு எடுக்கும் இலாபம் நிலையானது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் நமது மார்க்கம். கடலின் ரிஸ்க் அல்லாஹ்வின் கையில். தராசும் கொப்பியும் ஐஸ் பெட்டியும் நமது கையில். இந்தப் பருவம் முடிவதற்குள் ஒவ்வொரு மீன் வியாபாரியும் தனது கடன் கொப்பியை ஒரு தடவை விரித்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே, இதுவரை விலைக் குறைப்பாக எவ்வளவு எடுத்திருக்கிறோம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அசலைத் தாண்டிவிட்ட பெயர்கள் இருந்தால் அவற்றுக்குக் கோடு போட்டுவிடுங்கள். அது தருமமல்ல, அவருடைய உரிமை.

வல்ல அல்லாஹ் நமது சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரகத் செய்து, கடலை நம்பி வாழும் நமது சகோதரர்களைப் பாதுகாத்தருள்வானாக. ஆமீன்.